படம் எடுத்தவர் பெயரும் படம் வரைந்தவர் பெயரும்

பொது இடத்தில் இருக்கிற சுவரைப் படம் எடுக்க யாரிடம் கேட்க வேண்டும்? நம் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் இதைக் கேட்கிறீர்கள். கேட்கும்போதே பதிலையும் முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறீர்கள் என்பது முகத்தில் தெரிகிறது. "யாரிடமும் வேண்டாம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கேமராப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் அல்லவா?

தூத்துக்குடியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஒளிப்படக்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உப்பளம், துறைமுகம், மீன் ஏற்றுமதி, நகைக்கடை என்று எல்லாவற்றையும் எடுத்திருக்கிறேன். வெளிச்சத்தைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். படம் எடுத்து முடித்த பிறகு வருகிற சங்கடங்களைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு.

ஒருமுறை லாரி டயர் விளம்பரத்துக்காகத் துறைமுகச் சாலையில் ஒரு லாரியை எடுத்தோம். லாரியின் மேல் கண்டெய்னர். கண்டெய்னரில் ஒரு கப்பல் கம்பெனியின் சின்னம், பளிச்சென்று. விளம்பரம் வந்த அன்று காலையிலேயே அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "உங்க டயர் நல்ல டயர்னு நாங்க எப்பங்க சொன்னோம்?" என்று கேட்டார் அந்த மனிதர். நியாயமான கேள்வி. அதே கண்டெய்னர் துறைமுகத்தைப் பற்றிய செய்திப் படத்தில் இருந்திருந்தால் அவர் போனைத் தொட்டிருக்கவே மாட்டார். ஒரு சின்னம் தற்செயலாகக் கண்ணில் படுவது வேறு. அந்தச் சின்னத்துக்கு உரியவர் நம் சரக்குக்குச் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுவது வேறு. மன்னிப்புக் கேட்டு, சின்னத்தை நீக்கி, மறுபடி வெளியிட்டோம். அதோடு முடிந்தது.

அமலி என்கிற ஓவியரின் சுவர் விஷயம் அப்படி முடியவில்லை.

எங்கள் நிறுவனத்துக்கு வழக்கமாக வேலை கொடுத்தவர்களில், முந்திரியில் செய்கிற மக்ரூன் இனிப்புக் கடை அண்ணாச்சி ஒருவர். பனங்காட்டு ஊரிலிருந்து வந்து, தூத்துக்குடியில் ஒரு அடுப்போடு தொடங்கிப் பெரிய கடைக்காரர் ஆனவர். வருடா வருடம் அவர் அடிக்கும் காலண்டருக்கு எங்கள் பக்கத்தில் அவ்வளவு மரியாதை. அந்த வருடம் "கடல் சம்பந்தமா ஏதாவது போடுங்க" என்று சொல்லியிருந்தார். நான் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு புன்னைக்காயல் வரைக்கும் போனேன்.

அங்கே வலை பின்னுகிற கூடத்தின் பக்கச் சுவரில் ஓர் ஓவியம் இருந்தது. சங்கு குளிக்கிறவர் தண்ணீருக்கு அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் என்ன தெரியுமோ அது. தோணியின் அடிப்பாகம், மேலிருந்து இறங்குகிற கயிறு, தோணி விளிம்பில் உட்கார்ந்திருப்பவரின் இரண்டு பாதங்கள், அவற்றைச் சுற்றி உடைந்து சிதறும் வெயில். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நான் அப்படி ஒரு கோணத்தைப் பார்த்ததே இல்லை. எல்லோரும் தோணியைக் கரையிலிருந்து வரைவார்கள். இதை வரைந்தவள் கடலுக்குள்ளிருந்து வரைந்திருந்தாள்.

கூடத்துப் பெரியவர்களிடம் கேட்டேன். "தாராளமா எடுங்க. எங்க ஊர்ப் பிள்ள வரஞ்சது. அமலின்னு பேரு. மெட்ராசுல கார்ட்டூன் படக் கம்பெனியில வேலை பாக்கா. லீவுக்கு வந்தப்ப ஊருக்காகச் சும்மா வரஞ்சு குடுத்தா" என்றார்கள். சுவரின் வலது கீழ் மூலையில் அவள் பெயரும் ஊரும் இருந்தன. அதையும் சேர்த்துத்தான் எடுத்தேன்.

அலுவலகத்தில் முதலாளியிடம் படத்தைக் காட்டி, "சுவர்க்காரங்க சம்மதம் சொல்லிட்டாங்க. வரஞ்ச பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிரணும் சார்" என்றேன். அவர் சிரித்தார். "ரவுண்டானாவுல இருக்க சிலையை எடுக்கோம், யார்கிட்ட கேக்கோம்? அது மாதிரிதான இதுவும். பொது இடம்தானம்மா?"

இங்கேதான் நீங்களும் வழுக்குவீர்கள். பொது இடத்தில் நிலையாக நிற்கிற சிலைக்கும் கட்டடத்துக்கும் சட்டம் படம் எடுக்க வழி விட்டிருக்கிறது. சுவரில் தீட்டிய ஓவியத்துக்கு அதே வழியை அப்படியே விட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். சுவர் ஒருவருடையதாக இருக்கலாம், அதன் மேல் இருக்கிற ஓவியம் இன்னொருவருடையதாக இருக்கலாம். ஓவியம் தெருவில் நிற்பதாலேயே தெருவுக்குச் சொந்தமாகிவிடாது. நான் வக்கீல் இல்லை. அன்று எனக்கும் இது திருத்தமாகத் தெரியாது. மனசுக்கு உறுத்தியது, சொன்னேன். முதலாளி கேட்பதாகத் தெரியவில்லை. காலண்டர் வேலை நெருக்கடியில் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

வடிவமைப்பாளர் தேதிக் கட்டத்துக்கு இடம் பண்ணுவதற்காக ஓவியத்தின் வலது கீழ் மூலையை வெட்டினார். எல்லாப் படத்திலும் அவர் செய்கிற வேலைதான். அடியில் பொடி எழுத்தில், வழக்கப்படி, "படம்: ஸ்டெல்லா" என்று என் பெயர் வந்தது. மேலே அண்ணாச்சி கடையின் பெயரும் சின்னமும். மாவட்டம் முழுக்க வீடு வீடாக அந்தத் தோணியின் அடிப்பாகம் ஆணியில் தொங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் வலைக்கூடத்தின் கூரை சரிந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பழுது பார்த்துப் புதுசாகச் சிமெண்டு பூசினார்கள். ஓவியம் போய்விட்டது. அது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தபோது, சுருட்டிய காலண்டரோடு ஒரு பெண் எதிரில் நின்றாள்.

"இந்தப் படத்த எடுத்த ஸ்டெல்லா அக்கா நீங்கதானா?"

"ஆமாம்மா."

"நான் அமலி. புன்னைக்காயல்."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சண்டை போடவில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததும் குடித்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

சென்னையில் அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியிருந்தாள். அந்தச் சமயத்தில் எங்கள் நகரத்தில் நீளமான மதில் ஒன்றில் ஓவியம் தீட்ட ஒரு குழுவினர் ஓவியர்களிடம் மாதிரி கேட்டிருந்தார்கள். தன் வலைக்கூடத்து ஓவியத்தையே விரித்து, தோணிகள் வரிசையாகத் தெரிகிற மாதிரி ஒரு வரைவு கொடுத்தாள் அமலி. குழுவில் ஒருவர் பார்த்த உடனே, "இது மக்ரூன் கடைக் காலண்டர்ல வந்த படம்லா?" என்றிருக்கிறார். காலண்டரைக் கொண்டுவந்து பார்த்தால், "படம்: ஸ்டெல்லா." அதோடு அமலியின் வரைவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இன்னொருவர் படத்தைப் பார்த்து வரைவது குற்றம் என்று புத்தியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"சுவரக் காட்டலாம்னா சுவர்ல இப்ப சிமெண்டுதான் இருக்கு. என் போன்ல இருந்த படமெல்லாம் பழைய போனோட போச்சு. உங்ககிட்ட முழுப் படம் இருக்கும்லாக்கா? என் பேரு தெரியுத மாதிரி?"

இருந்தது. எழுந்து போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. வக்கீலுக்குப் போன் செய்தார். பேசி முடித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குடுக்கக் கூடாதும்மா. குடுத்தா அவ பேர வெட்டுனது நாமதான்னு நம்மளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கேஸ் போட்டான்னா அண்ணாச்சியும் மாட்டுவாரு. நம்மள நம்பி வேலை குடுத்த மனுஷன். வக்கீல் கண்டிப்பாச் சொல்லுதாரு."

"அந்தப் பிள்ளையத் திருடின்னு சொல்லுதாங்களே சார்."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. நான் என்ன செய்ய?"

அவர் கெட்டவர் இல்லை. மழை வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது தன் வீட்டு மாடியில் எங்களைத் தங்க வைத்தவர். அன்று அவர் பயந்துபோயிருந்தார். பயந்தவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள்தான் குழு இறுதி முடிவெடுக்கிறது என்று அமலி சொல்லியிருந்தாள். என் முன்னால் ஒரு சுலபமான வழி இருந்தது. என் ஹார்ட் டிஸ்க்கிலும் அந்தப் படம் உண்டு. அமலியின் கையில் சத்தமில்லாமல் கொடுத்து அனுப்பியிருக்கலாம். உங்களில் பலர் அதைத்தான் செய்வீர்கள். செய்தால் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஒளித்துக் கொடுத்த படத்தை அவள் குழுவில் காட்டுவாள். அவர்கள் எங்கள் நிறுவனத்துக்குப் போன் செய்வார்கள். பயத்தில் முதலாளி, "எங்களுக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டால்? ஓவியத்தைத் திருடியவள் என்ற பெயரோடு, போட்டோவைத் திருத்தியவள் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். அவளுக்குப் படம் மட்டும் போதாது, அது உண்மை என்று வெளிச்சத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டும்.

"அண்ணாச்சியப் பாக்கப் போறேன் சார்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் "வேண்டாம்" என்றார். "போயிட்டு வந்து எது சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லி, அமலியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அண்ணாச்சி கடையின் பின்பக்கம் அடுப்படியில் இருந்தார். முந்திரியும் சீனியும் வேகிற வாசம். எங்களைப் பார்த்ததும், "வாங்க ஸ்டெல்லாம்மா, யாரு இது?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறியது.

"இங்க பாருங்க, ஊர் பாக்கச் சுவர்ல வரஞ்சு வச்சிருக்கிய. எடுக்கலாம்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க, போட்டேன். நான் என்ன திருடனா? நாப்பது பேருக்கு முன்னால என்னை வந்து கேக்கிய?"

உண்மையில் அங்கே நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். அவர்கள் தட்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அமலி பேசிவிட்டாள்.

"உங்களத் திருடன்னு நான் சொல்லல அண்ணாச்சி. காலண்டர் வந்தப்ப எங்கப்பா எனக்குப் போன் போட்டு, எம்மா, நீ வரஞ்சத மக்ரூன் கடையில போட்டிருக்காவன்னு அவ்வளவு சந்தோசப்பட்டாவ. வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டுனாவ. எங்கப்பா சங்கு குளிக்கப் போனவிய. கீழ இருந்து பாத்தா தோணி எப்படி இருக்கும்னு அவிய சொன்னத வச்சுத்தான் நான் வரஞ்சேன். இப்ப அதே காலண்டரக் காட்டி, நான் களவாண்டேன்னு சொல்லுதாவ. அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல."

அண்ணாச்சி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.  சட்டம், வக்கீல், நியாயம் என்று சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பணிக்காலத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததும் ஒன்று என்று நினைக்கிறேன். ஒரு மனிதர் தனக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்போது நாம் குறுக்கே விழக் கூடாது.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"ஒரு தடவ வெளியூர்ல பொருட்காட்சியில கடை போட்டேன். ஒருத்தன் வந்து என் பெட்டிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இது டூப்ளிகேட்டு, ஒரிஜினல் எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல கிடைக்கும்ங்கான். போய்ப் பாத்தா, என் சின்னத்த அப்படியே அடிச்சு எவனோ வித்துக்கிட்டு இருக்கான். நான் உண்டாக்குனது. என்னையே டூப்ளிகேட்டுன்னுட்டான். கூட்டத்துக்கு நடுவுல எனக்குப் பேச்சே வரல. நாந்தான் ஒரிஜினல்னு எப்படிச் சொல்லுவிய? சொன்னா சிரிப்பான்."

அமலி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"யாரு சொன்னது உன்னத் திருடின்னு? எங்கன இருக்காங்க அவங்க?" என்று கேட்டபடியே எழுந்தார் அண்ணாச்சி. முதலாளிக்குப் போன் போட்டு, "ஸ்டெல்லாம்மா கேக்க படத்தக் குடுத்திருங்க. ஒண்ணும் ஆவாது. ஏதாவது ஆனா எனக்கு ஆவட்டும்" என்று மட்டும் சொன்னார். முதலாளி என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. அண்ணாச்சி கேட்க நிற்கவில்லை.

மறுநாள் காலை மூன்று பேருமாகக் குழுவின் அலுவலகத்துக்குப் போனோம். அமலியின் வரைவைத் தள்ளிவைத்தவர் ஓர் அம்மா. வெளி மாவட்டத்துக்காரர், ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்களை உட்காரவைத்து, முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"காலண்டர்ல 'படம்'னு உங்க பேருதானே மேடம் இருக்கு?" என்றார் என்னிடம்.

"நான் கேமராவில எடுத்தவ. வரஞ்சது இந்தப் பொண்ணு. நம்ம பாஷையில ரெண்டுக்கும் 'படம்'னே சொல்லிடுறோம். அதுல வந்த வினை இது."

மடிக்கணினியைத் திறந்து முழுப் படத்தைக் காட்டினேன். வலது கீழ் மூலையில் அமலியின் பெயர். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நான் உங்களைச் சந்தேகப்படறதா நினைக்காதீங்க. ஆனா இந்தக் காலத்துல படத்துல ஒரு பேரைச் சேர்க்கறது நிமிஷ வேலை. நான் இதை மட்டும் வச்சு முடிவை மாத்தினா, நாளைக்கு வேற யாராவது வந்து கேப்பாங்க. திருட்டு ஓவியம் வரக் கூடாதுன்னுதான் நான் இவ்வளவு கறாரா இருக்கேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஓவியர்கள் பக்கம் நின்றுதான் அவர் ஓர் ஓவியரைத் தள்ளியிருந்தார்.

அண்ணாச்சி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "என் கடைக் காலண்டருங்க அது. அதுல இருக்கது இந்தப் பிள்ள வரஞ்ச ஓவியம். அவ பேரு இருந்த மூலைய வெட்டிட்டோம். கேக்காமப் போட்டுட்டோம். இத நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். போதுமா?"

"யோசிச்சுச் சொல்லுங்க. இப்படி எழுதிக் கொடுத்தீங்கன்னா, இந்தப் பொண்ணு நாளைக்கே உங்க மேல வழக்குப் போடலாம்."

அண்ணாச்சி அமலி பக்கம் திரும்பினார். "போடுவியாம்மா?"

 "ஐயோ, போட மாட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டால் அந்த இடம் இளகிவிடும், வேலை நடந்துவிடும். அமலி அதைச் சொல்லவில்லை.

"போட மாட்டேன்னு இப்ப நான் சத்தியம் பண்ண முடியாது அண்ணாச்சி. நீங்க எனக்கு நல்லது செய்யணும்னு வந்திருக்கிய, அது எனக்குத் தெரியும். ஆனா கேக்காம எடுத்தது எடுத்ததுதான். அடுத்த தடவ அடிக்கும்போது என் பேரப் போடுங்க. மத்தத உக்காந்து பேசிக்கிடலாம்."

 அண்ணாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"சரியான பிள்ளதான். பேனாவக் குடுங்க."

அவர் எழுதினார். சுற்றி வளைக்கவில்லை. "எங்களுக்குத் தெரியாமல்" என்றோ "தவறுதலாக" என்றோ ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல், நடந்ததை நடந்தபடி எழுதினார். அந்த அம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அமலியிடம், "உன்னைப் பத்தி நான் சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேம்மா" என்றார். பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

மதில் முழுவதும் அமலிக்குக் கிடைத்துவிடவில்லை. மற்ற ஓவியர்களும் நன்றாகவே வரைந்திருந்தார்கள். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஒரு பகுதியை அவளுக்கு ஒதுக்கினார்கள். ஜனங்கள் நின்று பார்க்கிற இடம் என்று அவளுக்கு அது பிடித்திருந்தது. அண்ணாச்சியோடு பேச்சுவார்த்தை தனியாக நடந்தது. நான் அதில் இல்லை. கறாராகப் பேசினாள் என்று அண்ணாச்சியே பிறகு எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதன் பிறகு எங்கள் நிறுவனத்திலிருந்து போன எல்லாவற்றிலும் ஓவியம் இன்னாருடையது, ஒளிப்படம் இன்னாருடையது என்று தனித்தனியாகப் போட்டோம்.

முதலாளி என்னோடு சில வாரம் சரியாகப் பேசவில்லை. வேலையை மட்டும் சொல்வார், போய்விடுவார். என் மேல் இருந்த கோபமா, தன் மேலேயே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

அமலி மதிலில் வேலையை முடிக்கிற நேரம் ஒரு சாயங்காலம் பார்க்கப் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் ஓவியத்தின் பக்கம் திரும்பி நின்றார்கள். அமலி மூங்கில் சாரத்தில் உட்கார்ந்து கடைசிக் கயிற்றுக்கு வெள்ளை தீட்டிக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் முதலாளி நின்றிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து மதிலை நோக்கி உயர்த்தினார். என்ன நினைத்தாரோ, கையை இறக்கினார். சாரத்துக்குக் கீழே போய் நின்றார்.

"எம்மா, ஒரு படம் எடுத்துக்கிடலாமா?"

அமலி குனிந்து பார்த்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியும்.

"எங்க போடப் போறிய சார்?"

"எங்கயும் போடல. வீட்டுல காட்டத்தான்."

அவள் தூரிகையை டப்பாவில் வைத்துவிட்டு, ஓவியத்தை மறைக்காதபடி சாரத்தில் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப தாராளமா எடுங்க."

எடுத்தார். பஸ் வந்து போகும் வரைக்கும் எடுத்துக்கொண்டே இருந்தார்.